கடல்நீர்த் தொட்டியில் பிளென்னியைக் குடியமர்த்துவது எப்படி?

பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி, அறையில் யார் நடமாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மீன் பிளென்னி. கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்கும் பலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். "பாசியைத் தின்னும், தொட்டி சுத்தமாக இருக்கும்" என்று கடையிலும் சொல்வார்கள். சில வாரங்களில் அது மெலிந்து செத்துவிடும். தண்ணீரைச் சோதித்தால் குறை தெரியாது. உடலில் புள்ளியோ புண்ணோ இருக்காது. பட்டினியால் செத்திருக்கும்.

இந்த மீனுக்குத் தேவையானவை இரண்டு: தனக்கென்று ஒரு பொந்து, காலியாகாத வயிறு. இரண்டும் கிடைத்துவிட்டால் பிளென்னி உரம் உள்ள மீன். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த பிளென்னியை வாங்கலாம்?

பிளென்னி என்பது ஒரே மீனின் பெயரல்ல. அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 400 இனங்கள் உண்டு. கடையில் கண்ணில் படுபவை நான்கைந்துதான்.

அதிகம் விற்பது லான்மோவர் பிளென்னி. அறிவியல் பெயர் சலாரியாஸ் ஃபேஷியேட்டஸ். பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான உடல், 14 செ.மீ. வரை வளரும். செங்கடலில் தொடங்கி சமோவா வரை பவளத்திட்டுகளில் வாழ்கிறது. சீப்பின் பற்களைப் போல நெருங்கி அமைந்த மெல்லிய பற்களால் பாறையைச் சுரண்டி, பாசிப் படலத்தையும் அதில் சிக்கியிருக்கும் மட்கிய துகள்களையும் சேர்த்து விழுங்கும். நீளநீளமாக முடிபோல வளர்ந்துவிட்ட பாசியை அது பெரும்பாலும் சீண்டாது. அந்தப் பாசியை ஒழிப்பதற்காக இதை வாங்க நினைத்தால் வேண்டாம், கையால் பிடுங்கிவிடுங்கள். லான்மோவருக்கு 120 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். 200 லிட்டர் இருந்தால் நல்லது.

புதியவர்களுக்கு நான் சொல்வது டெயில்ஸ்பாட் பிளென்னியை. எக்சீனியஸ் ஸ்டிக்மட்டூரா. வாலடியில் கரும்புள்ளி, 6 செ.மீ.தான் வளரும், 80 லிட்டர் தொட்டியிலும் நன்றாக வாழும். சிறிய உடல் என்பதால் தேவைப்படும் தீனியும் குறைவு. கடைத் தீனிக்கும் சீக்கிரம் பழகும். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியப் பக்கத்திலிருந்து வருவதால் எப்போதும் கிடைக்காது, காத்திருந்து வாங்கலாம். முன்பாதி கருநீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக இருக்கும் பைகலர் பிளென்னி அழகானது, ஆனால் வளர வளர முரட்டுத்தனம் கூடும். மைடாஸ் பிளென்னி மஞ்சள் நிறம். பாசியைவிட நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத்தான் அதிகம் தின்னும். அதனால் அதைப் பாசி தின்னும் மீன் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மெயாகாந்தஸ் வகைக்குக் கீழ்த்தாடையில் நச்சுப் பற்கள் உண்டு. அமைதியான மீன்தான், என்றாலும் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. ஆஸ்பிடோன்டஸ் டீனியேட்டஸ் என்ற இன்னொரு பிளென்னி, மற்ற மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் மீனைப் போலவே நீலமும் கறுப்புமாக வேடம் போட்டிருக்கும். நம்பி அருகில் வரும் மீனின் துடுப்பைக் கடித்துவிடும். வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கிளீனர் ராஸுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், இதற்கு முகத்தின் அடிப்பக்கம் இருக்கும்.

மீன் வருமுன் தொட்டி

தொட்டி தொடங்கி நாலைந்து மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் சுழற்சி முடிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அது முடிந்ததுமே கோமாளி மீனை விடலாம். பிளென்னியை விடக்கூடாது. சுழற்சி முடிந்த தொட்டியின் பாறை வெளுப்பாகத்தான் இருக்கும், மேய்வதற்கு அதில் ஒன்றும் இருக்காது. முதலில் பழுப்புத் தூசிபோல டயட்டம் என்ற நுண்பாசி படியும், பிறகு பச்சை பிடிக்கும். பின்கண்ணாடியைத் துடைக்காமல் விட்டு வாருங்கள். அது பச்சையானால் பிளென்னியைப் பற்றி யோசிக்கலாம்.

நீரளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள். பி.எச். 8.1 முதல் 8.4. உப்பளவு, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளவுமானியில் 1.025. வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ்.

கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் கடினம். சித்திரை, வைகாசியில் சென்னை, மதுரை வீடுகளில் தொட்டி நீர் சர்வசாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் பசியும் செரிமானமும் கூடும். ஏற்கெனவே தீனி பற்றாத மீனுக்கு இது இரட்டை அடி. நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறிய மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். கடலோர ஊர்களில் புழுக்கமான நாட்களில் அந்தப் பலனும் குறைந்துவிடும். அங்கே சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குவதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்த நீரை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புக் கரைத்த நீரால் அல்ல. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தொட்டிக்கு ஊற்றும் நல்ல தண்ணீருக்கு வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் போதுமா என்று பலர் கேட்பதுண்டு. சுவைக்காக அவற்றில் பெரும்பாலானவை தாது கலக்கும் குப்பியோ, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவு) கூட்டும் திருகோ வைத்திருக்கும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் பின்னால் மிச்ச உப்புகளையும் நீக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பிறகு பாறை. விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகளும் இடுக்குகளும் நிறைய இருக்க வேண்டும். பிளென்னி வாலை உள்ளே விட்டுத் தலையை வெளியே வைத்து உட்காரும் மீன். உடல் இறுக்கமாகப் பொருந்தும் ஓட்டையைத்தான் விரும்பும், பெரிய குகை அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. பாறையில் ஓட்டை போதவில்லையென்றால் முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை இடுக்குகளில் செருகிவையுங்கள்.

இந்தப் பாறையை எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் நேர்மை வேண்டும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கல் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "கடலிலிருந்து எடுத்த ஒரிஜினல் லைவ் ராக்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அங்கே அந்தக் கல்லில்தான் பிளென்னிகளும் மற்ற நூறு உயிர்களும் குடியிருக்கின்றன. சுட்ட களிமண்ணிலும் சிமென்ட்டிலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேறச் சில மாதம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூடி இல்லாமல் பிளென்னி வளர்க்க முடியாது. மிரண்டால் துள்ளும், ஒல்லியான உடல் என்பதால் சின்னச் சந்திலும் வெளியே வந்துவிடும். ஆறு மி.மீ. கண்ணுள்ள வலை போட்ட மூடி சரி. சம்ப் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) உள்ள தொட்டியானால் நீர் வழியும் பெட்டியின் பல்வரிசையிலும் வலை ஒட்டுங்கள். நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான பவர்ஹெட் நீர் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

பாசிக் கற்களை முன்னதாகவே வளர்த்துவையுங்கள்

இந்தப் படியைப் பலர் செய்வதில்லை. பிளென்னியைக் காப்பாற்றுவதில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு வாளியில் தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த உப்புநீரை ஊற்றி, வெயில் படும் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். உள்ளங்கையில் அடங்கும் செயற்கைப் பாறைத் துண்டுகளையும், பளபளப்பு பூசாத ஓட்டுத் துண்டுகளையும் பத்துப் பதினைந்து போடுங்கள். ஏர் பம்ப் ஒன்று ஓடட்டும். காலை வெயில் போதும், உச்சி வெயிலில் வாளி கொதித்துவிடும். கொசு முட்டையிடாமல் மேலே கொசுவலையைக் கட்டுங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீர் ஊற்றிவாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கற்களில் மெல்லிய பச்சை படியும்.

இந்தக் கற்கள்தான் புது மீனின் முதல் உணவு. இரண்டு கல்லை மீனிடம் வைப்பது, அது மேய்ந்து முடித்ததும் எடுத்துவிட்டு வேறு இரண்டை வைப்பது, மேய்ந்ததை மறுபடி வாளியில் போடுவது என்று சுற்றில் விடலாம். வெளியே எடுக்கும் கல்லை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் நன்கு காயவைத்த பிறகே வாளியில் போடுங்கள், மீனுக்கு ஏதாவது நோய் இருந்தால் வாளிக்குப் பரவாது.

கடையில் பார்க்க வேண்டியவை

சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். கடல் மீன் விற்பவர்கள் குறைவு. அதனால் பிளென்னியைப் பார்த்ததும் விட மனம் வராது. அப்போதும் மூன்றைக் கவனியுங்கள்.

முதலில் வயிறு. பக்கவாட்டில் பார்க்கும்போது தாடைக்குப் பின்னால் வயிறு புடைத்தோ, குறைந்தது நேராகவோ இருக்க வேண்டும். உள்வாங்கியிருந்தால் வேண்டாம். மேலிருந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது: தலை அகலமாகவும் அதற்குப் பின்னால் உடல் திடீரென்று சூம்பியும் இருந்தால் அந்த மீன் வெகு நாளாகப் பட்டினி. இரண்டாவது, தின்கிறதா என்று கேட்காதீர்கள், தீனி போடச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். மூன்றாவது, வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். நேற்று வந்த மீனென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். தொலைவிலிருந்து வரும் மீன்களில் சில, சயனைடு கலந்த நீரைப் பீய்ச்சிப் பிடிக்கப்பட்டவையாக இருக்கும். அப்படிப்பட்ட மீனின் நிலை வெளியே தெரியச் சில நாட்கள் ஆகலாம்.

பிளென்னி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பிளென்னிகளுக்குக் காற்றுப்பை கிடையாது, நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். உட்கார்ந்திருந்தாலும் கண் உருண்டுகொண்டே இருக்கும். கண் அசையாமல், மூச்சு வேகமாக வாங்கினால்தான் கவலை.

புறப்படுமுன் கடைத் தொட்டியின் உப்பளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தப் பல கடைகளில் 1.018, 1.020 என்று குறைவாக வைத்திருப்பார்கள். அடுத்த இரண்டு படிகளுக்கும் இந்த எண் தேவை.

தனிமைத் தொட்டி

புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடுவது, ஏற்கெனவே உள்ள எல்லா மீன்களையும் பணயம் வைப்பது. கிரிப்டோகேரியான் என்ற வெண்புள்ளி ஒட்டுண்ணியும், வெல்வெட் எனப்படும் அமிலூடினியமும் புது மீனோடுதான் வரும். வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனைவிட்டு விழுந்து கல்லில் கூடு கட்டி வாரக்கணக்கில் கிடக்கும். பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீன்களையும் பிடித்து வெளியேற்றி மாதக்கணக்கில் தொட்டியைக் காலியாகப் போட வேண்டியிருக்கும்.

40 லிட்டர் தொட்டி போதும். மணல் வேண்டாம். பெரிய தொட்டியின் சம்பில் ஒரு மாதம் போட்டுப் பாக்டீரியா ஏற்றிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மூடி, மூன்று நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகள். இங்கே உப்பளவை 1.025-ல் வைக்காதீர்கள், கடையில் குறித்து வந்த எண்ணுக்கே வையுங்கள். அதனால் மீன் வரும் நாளில் உப்பு மாற்றத்தைத் தாங்க வேண்டிய அவசியமே இருக்காது. பிறகு ஒரு நாளைக்கு 0.001 வீதம், அதிகம் போனால் 0.002, மெல்ல ஏற்றி வாருங்கள். உப்பளவு இறங்குவதை மீன் ஓரளவு தாங்கும். சட்டென்று ஏறுவதைத் தாங்காது.

நான்கு வாரம் இங்கே இருக்கட்டும். உடலில் உப்புத் தூள் தூவியதுபோல வெண்புள்ளி தெரிந்தாலோ, மாவு பூசியதுபோல மங்கி மூச்சு வேகமானாலோ தாமிர மருந்து தேவைப்படும். பிளென்னிக்குச் செதில் இல்லாத வெற்றுடல் என்பதால் தாமிரத்தை ஒரே நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோகாமல் சில நாட்களில் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சோதனைக் கிட்டால் அளந்து பாருங்கள். மருந்து போடுமுன் பாசிக் கற்களை எடுத்துவிட வேண்டும். கல் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தக் கல் இறாலோ நத்தையோ உள்ள தொட்டிக்கு ஆகாது. எந்த நிலையிலும் பெரிய தொட்டியில் தாமிரம் போடக் கூடாது.

பையிலிருந்து தண்ணீருக்கு

கடை பக்கத்தில்தான், ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அவசரமில்லை. விளக்கை அணையுங்கள். பையை மூடியபடியே 20 நிமிடம் தனிமைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள், வெப்பநிலை சமமாகும். பிரித்து, பை நீரின் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். தொட்டியோடு பொருந்தினால் மீனை மாற்றிவிடலாம். தொட்டியில் உப்பு கூடுதலாக இருந்தால் தொட்டிக்குக் கொஞ்சம் ஆர்.ஓ. நீர் சேர்த்து, தொட்டியை மீனுக்குப் பொருத்துங்கள். அதற்கு வழியில்லாதபோதுதான் சொட்டு முறை: ஏர் டியூபில் ஒரு முடிச்சு போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம், பாத்திரத்தில் நீர் இரண்டு மடங்காகும்வரை.

கூரியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயணித்து வந்த மீனுக்குச் சொட்டு முறை ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அந்த நிலையில் கழிவு அம்மோனியா, நச்சு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சுள்ள அம்மோனியாவாக மாறும். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டால் மீன் அந்த நச்சிலேயே ஒரு மணி நேரம் ஊறும். ஆகவே பையை மூடியபடியே மிதக்கவிட்டு, தேவையென்றால் தொட்டியின் உப்பளவைச் சரிசெய்து, திறந்த சில நிமிடங்களுக்குள் மீனை மாற்றிவிடுங்கள். அனுப்புபவரிடம் முன்கூட்டியே உப்பளவைக் கேட்டு வைத்திருந்தால் இதெல்லாம் சுலபம்.

இரண்டு வகையிலும் பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வலை போட்டுப் பிடிக்கவும் வேண்டாம், தலைமேல் உள்ள மெல்லிய கிளை உணரிகளும் துடுப்பும் வலைக்கண்ணில் மாட்டும். சின்ன பிளாஸ்டிக் குவளையால் மொண்டு, முடிந்தவரை நீரை வடித்து, குழாய்த் துண்டுக்கு அருகே நழுவவிடுங்கள்.

முதல் வாரம்

அன்று முழுவதும் விளக்கு வேண்டாம். மீன் வெளுத்து, திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும். பயம்தான் காரணம். பிளென்னி இரவிலும் அப்படி நிறம் மாற்றிக்கொண்டுதான் தூங்கும். மூன்று நான்கு நாள் குழாயைவிட்டு வெளியே வராமலும் இருக்கலாம். குழாயை எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். தொட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள்.

முதல் நாளே பாசிக் கல் இரண்டை குழாய் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் கல்லில் சுரண்டிய தடம் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கண்ணாடியில் பாசி இருந்தால் உதடு பதித்ததுபோலச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். தொட்டித் தரையில் பழுப்பு நிற எச்சம் நிறையக் கிடந்தால் இன்னும் நல்ல அறிகுறி. எச்சம் வெள்ளையாக நூல்போலத் தொங்கினால் குடல் புழுவாக இருக்கலாம்.

மூன்றாம் நாளிலிருந்து கடைத் தீனிக்குப் பழக்குங்கள். நோரி எனும் கடற்பாசித் தாளை ரப்பர் பேண்டால் கல்லில் சுற்றிக் கட்டி, பாசிக் கல்லுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உப்பு, எண்ணெய், காரம் தடவிய நொறுக்குத்தீனி நோரி ஆகாது, சுஷிக்கு விற்கும் வெறும் நோரி வாங்க வேண்டும். அரை நாள் கழித்து மீந்ததை எடுத்துவிடுங்கள், ஊறி நீரைக் கெடுக்கும். உறைந்த மைசிஸ் இறாலைச் சிறிது உருக்கி, ஸ்பைருலினா கலந்த நுண்குருணையோடு சேர்த்து, நீண்ட குழல் வழியாகப் பொந்தின் பக்கம் மெல்ல விடலாம். கொத்திவிட்டுத் துப்பினாலும் தொடர்ந்து கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளை நிறையப் போடுவதைவிட மூன்று வேளை சிறிது சிறிதாகப் போடுவதே மேயும் மீனுக்கு ஏற்றது. தினமும் அம்மோனியா சோதியுங்கள். சற்று ஏறினாலும் அதே உப்பளவுள்ள நீரால் கால் பங்கு மாற்றுங்கள்.

பெரிய தொட்டிக்கு

நான்கு வாரம் கழிந்து, நோயில்லை, குருணையும் நோரியும் தயங்காமல் தின்கிறது, வயிறு புடைத்திருக்கிறது என்றால் மாற்றலாம். இதற்குள் உப்பளவும் சமமாகியிருக்கும். வெப்பநிலையை மட்டும் ஒத்துப்போகச் செய்தால் போதும்.

யார் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள் என்பதுதான் இப்போது கேள்வி. இன்னொரு பிளென்னி இருந்தால் வேண்டாம், ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். டாட்டிபேக், ஹாக்ஃபிஷ் போன்ற வம்புக்காரர்கள் இருந்தால், துளையிட்ட கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியை உள்ளே தொங்கவிட்டு, அதில் பி.வி.சி. துண்டோடு பிளென்னியை மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வையுங்கள். பழைய மீன்கள் முதலில் பெட்டியை முட்டும், பிறகு கண்டுகொள்ளாது. அது நின்ற பிறகு திறந்துவிடுங்கள். திறக்கும் நாளில் இரண்டு மூன்று பாறைகளை இடம் மாற்றி வைப்பதும் பலன் தரும், எல்லைகள் கலைந்து எல்லோரும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். லயன்ஃபிஷ் உள்ள தொட்டியில் டெயில்ஸ்பாட் ஒரு வேளை உணவாகிவிடும்.

பழகிய குழாய்த் துண்டை மீனோடு சேர்த்தே மாற்றுங்கள். அதைப் பாறை இடுக்கில் செருகிவிட்டால் முதல் இரவுக்கு வீடு தயார். சில நாளில் தானே வேறு ஓட்டையைத் தேர்ந்துகொள்ளும். ஒரு நாள் முழுக்கக் கண்ணில் படாவிட்டால் பாறையைப் பிரிக்க வேண்டாம். முதலில் சம்பின் வடிகட்டிப் பையையும் வழிந்தோடும் பெட்டியையும் பாருங்கள், பிறகு தொட்டிக்குப் பின்னால் தரையை.

இரண்டாம் மாதத்திலிருந்து

ஆபத்து முடிந்துவிட்டது என்று தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் பல பிளென்னிகள் சாகின்றன. தொட்டியில் இருந்த பாசியை அது மேய்ந்து தீர்த்திருக்கும். கண்ணாடியும் பாறையும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். ஆகவே வாரம் ஒருமுறை, தீனி போடுமுன், பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். போன வாரப் படத்தோடு வயிற்றை ஒப்பிடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மெலிவது தெரியாது.

பால்கனி வாளியைக் கலைக்காதீர்கள், வாரம் இரண்டு கல் தொடர்ந்து போகட்டும். நோரி வாரத்தில் மூன்று நான்கு நாள். பவளத்தின் முனைகளையோ ராட்சதச் சிப்பியின் சதை விளிம்பையோ கொத்தத் தொடங்கினால், மீனைக் குறை சொல்லுமுன் தீனியைக் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் பசிதான் காரணமாக இருக்கும்.

இத்தனை செய்தும் இரண்டு மூன்று வாரப் படங்களில் வயிறு தொடர்ந்து உள்வாங்கிக்கொண்டே போனால், உங்கள் தொட்டி அந்த மீனுக்கு இன்னும் போதவில்லை. பெரிய, பழைய, பாசி பிடித்த தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ வாங்கிய கடையிலோ, மீனுக்கு நீந்தும் தெம்பு இருக்கும்போதே பேசி ஒப்படைத்துவிடுங்கள்.